கௌபி டிப்பும் குப்பைத்தொட்டியில் கிடந்த பக்கெட்டும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் நடந்தது இது. அன்று மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். இப்போது நினைத்தாலும் முதலில் பயம் வரும், பிறகு சிரிப்பு வரும். இரண்டுக்கும் காரணம் ஒரு கிண்ணம் கௌபிப் பயறு என்றால் நம்புவீர்களா?

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை. வாய் கொஞ்சம் அதிகம். அதுவரைக்கும் நான் குசினிக்குள் போவது தண்ணீர் குடிக்க மட்டும்தான். மனைவி மருத்துவமனையில் தாதி. டியூட்டி முடிந்து வந்து சமைப்பதும் அவர்தான். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். சைக்கிள் கேட்பாள், டேப் கேட்பாள் என்று பயந்துகொண்டுதான் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"எனக்கு ஒண்டும் வேண்டாம் அப்பா. மேசையில அவள் சாப்பிடக்கூடிய சாமான் ஒண்டு இருந்தாக் காணும்."

அவள் என்றால் மகளுக்குப் பக்கத்தில் வகுப்பில் இருக்கும் பிள்ளை. இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, படு சுட்டி. அந்தப் பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. வயிற்றைப் பிரட்டுகிற மாதிரி இல்லை. துளி உள்ளே போனாலும் உதடு வீங்கி, தொண்டை அடைத்துவிடும். நான்கு வயதில் ஒருமுறை மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். அதனால் எந்தப் பிறந்தநாளுக்குப் போனாலும் கையில் ஒரு நீல நிறச் சாப்பாட்டுப் பெட்டியோடு வருவாள். கேக்கை நீட்டினால், நான் சாப்பிட்டுத்தான் வந்தேன் என்று சிரிப்பாள்.

"அது பொய் அப்பா. அவளுக்குப் பசிக்கும்" என்றாள் மகள்.

அதற்கு முந்திய மாதம் இன்னொரு பிள்ளையின் பிறந்தநாளில் சீஸ் டிப் வைத்திருந்தார்களாம். முழு வகுப்பும் அந்தக் கிண்ணத்தைச் சுற்றி நின்று சிப்ஸைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட, இந்தப் பிள்ளை மட்டும் யன்னலடியில் பெட்டியைத் திறந்துகொண்டு இருந்ததாம். அவளுக்கு உறைப்பு என்றால் உயிராம். ஆனால் பயத்தில் வீட்டார் கொடுத்துவிடுவது எப்போதும் வெறும் அவித்த சாமான்தானாம். மகள் இதையெல்லாம் சொல்லக் கேட்டேன். வாய் சும்மா இருக்குமா? அவளுக்கென்றே பாலே இல்லாத, நல்ல உறைப்பான டிப் ஒன்றை அப்பா செய்து தாறேன் என்று சொல்லிவிட்டேன்.

மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கோப்பை ஆடியது. "என்னப்பா, ரீ போடத் தெரியாது உங்களுக்கு. டிப் செய்யப் போறீங்களோ?"

அந்தச் சிரிப்புத்தான் என்னை உசுப்பியது. அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம் முழுக்க வீடியோ பார்த்தேன். பெயர் தெரியாத அவரை விதை எல்லாம் வந்தது. எங்கள் ஊர் கௌபிக்கு என்ன குறை என்று கௌபியைப் பிடித்துக்கொண்டேன். முதல் நாள் ஊறப்போடாமல் அவித்து அரைத்தேன், சுவர் பூசலாம் போல வந்தது. இரண்டாம் நாள் ஊறப்போட்டேன், ஆனால் தண்ணீர் கூடிச் சொதியாகிவிட்டது. மகள் இரண்டையும் ருசி பார்த்து முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் கவனித்தேன்.

மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. கௌபியை இரவே ஊறப்போட்டு, தொட்டால் நசியும் வரைக்கும் அவித்தேன். செத்தல் மிளகாயைக் கருகாமல் வறுத்தேன். உள்ளியைத் தோலோடு அடுப்பில் வாட்டி உரித்தேன். கொஞ்சம் சீரகம், உப்பு, தேசிக்காய்ப்புளி. பிறகு பக்கெட்டில் விற்கும் தேங்காய்ப்பால் மாவைக் கொஞ்சத் தண்ணீரில் தடிப்பாகக் கரைத்து ஊற்றி, எல்லாவற்றையும் பிளெண்டரில் போட்டுச் சுற்ற விட்டேன். மூடியைத் திறந்தால், ஐயோ, பட்டுப்போல இருக்கிறது! மேலே தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலையும் மிளகாய்த்தூளும் தாளித்து ஊற்றினேன். வாசம் படிக்கட்டு வரைக்கும் போனது. மனைவி விரலால் தொட்டு நக்கிவிட்டு, உண்மையாகவே நல்லாயிருக்கு என்றார். நான் குசினிக்குள் நின்று கை தட்டினேன்.

ஆனால் ஒன்று சொன்னார். "சாமான் எல்லாத்தின்ர லேபிளையும் வடிவாப் பாருங்கோ. விளையாட்டில்லை."

பார்த்தேன். மரவள்ளிச் சிப்ஸ் பக்கெட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். சீரகம் பார்த்தேன். மிளகாய்த்தூள் பார்த்தேன். உப்புப் பக்கெட்டைக்கூட விடவில்லை என்று மறுநாள் அலுவலகத்தில் பெருமையடித்துக்கொண்டேன்.

பிறந்தநாள் வந்தது. மனைவிக்குப் பின்னேரம் வரைக்கும் டியூட்டி. காலையிலேயே நான் வேலையைத் தொடங்கிவிட்டேன். ஒரு ஆர்வத்தில் கௌபியை இரண்டு மடங்கு அவித்துவிட்டேன். பாதியை அரைத்து டிப் செய்து பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தேன். மீதிக் கௌபி வெறுமனே பானையில் இருந்தது. மகள் ஒரு மட்டையில் 'இதில் பால் இல்லை' என்று சிவப்பு மையால் எழுதி, கிண்ணத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

நான்கு மணிக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். கொண்டுவந்து விட்ட தகப்பன்மார் இரண்டு பேர், போய்த் திரும்பி வர அலுப்பில், சோபாவில் இருந்து போன் பார்த்தார்கள். கடைசியாகத்தான் அந்தப் பிள்ளை தாயோடு வந்தாள். கையில் அதே நீலப் பெட்டி. மகள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்து மட்டையைக் காட்டினாள். அதை வாசித்தபோது அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே! கண் இரண்டும் விரிந்து, கிண்ணத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, பிறகு தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

தாய் சிரித்தார். ஆனால் சரி என்று சொல்லவில்லை. என்னிடம் மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். "கோவிக்க வாணாம் அண்ணன். போட்ட சாமான் எல்லாத்தையும் ஒருக்கா பாக்க ஏலுமா?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சுருக்கென்றது. நம் வீடுகளில் விருந்துக்கு வந்தவர் இதில் என்ன போட்டீர்கள் என்று கேட்டால் அது பாராட்டு. போட்டதைக் காட்டு என்றால் வேறு கதை. மூன்று நாள் மெனக்கெட்டவன் நான். மட்டை வேறு எழுதி வைத்திருக்கிறோம். இதற்கு மேல் என்ன வேண்டும் இவருக்கு என்று மனதுக்குள் முறுகிக்கொண்டுதான் குசினிக்குக் கூட்டிப் போனேன்.

பக்கெட்டுகளை ஒவ்வொன்றாக மேடையில் வைத்தேன், கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "தேங்காப்பால் புழிஞ்சீங்களா, பக்கெட்டா?" என்று கேட்டார்.

பக்கெட்தான் என்றேன். இந்த மாடி வீடுகளில் யார் இப்போது தேங்காய் துருவிப் பிழிகிறார்கள்?

"அந்தப் பக்கெட்ட காட்டுங்களேன்."

"அது வெறும் தேங்காய்தானே" என்றேன். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. அந்தப் பக்கெட்டைக் காலையிலேயே வெட்டி ஊற்றிவிட்டு எறிந்திருந்தேன். புதுச் சட்டையோடு குனிந்து குப்பைத்தொட்டியைக் கிளறினேன். வெங்காயத் தோலுக்கும் தேயிலைச் சக்கைக்கும் அடியில் கிடந்தது. துடைத்துக் கொடுத்தேன். எழுத்துச் சிறியது, கண்ணாடி கொண்டுவரவில்லை, நீங்களே வாசியுங்கள் என்று திருப்பித் தந்தார். போனில் படம் எடுத்துப் பெருப்பித்து, வகுப்பில் பாடம் வாசிக்கிற மாதிரிச் சத்தமாக வாசித்தேன். தேங்காய்ப்பால் என்றிருந்தது. அடுத்து ஏதோ மாவுப் பொருள். அதற்கு அடுத்த சொல்லில் குரல் நின்றுவிட்டது. பாற்புரதம். பசும்பாலில் இருப்பது. அதுவும் தடித்த எழுத்தில்.

நான் வாசிக்காமல் விட்ட ஒரே ஒரு பக்கெட் அது.

கூடத்துக்கு ஓடினேன். அந்தப் பிள்ளை மேசையடியில் நிற்கிறாள். கையில் ஒரு மரவள்ளிச் சிப்ஸ், அதன் நுனியில் டிப். "வை! வை! கீழ போடு!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் சோபாவில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். சிப்ஸ் கையிலிருந்து விழுந்தது. எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள்.

அவள் மட்டும் பதறாமல் சொன்னாள். "நான் திங்கல்ல அங்கிள். உம்மா இன்னும் சரி சொல்லல்லயே."

ஒன்பது வயதுப் பிள்ளை! மூக்குக்கு முன்னால் அந்த வாசத்தை வைத்துக்கொண்டு தாயின் ஒரு சொல்லுக்காக நின்றிருக்கிறாள். நான் அந்தத் தாய் கேட்டதற்குக் கோபப்பட்டவன். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் முடியவில்லை.

தாய் அவளைக் கூட்டிப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டார். நான் பின்னால் போய் நின்று, மன்னித்துக்கொள்ளுங்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாலு வயசுல இவள ஆஸ்பத்திரிக்கித் தூக்கிட்டு ஓடின கத தெரியும்தானே? அது வேற யாரும் குடுத்ததில்ல அண்ணன். எண்ட குசினியில, எண்ட கையால, இந்த மாதிரிப் பக்கெட்டுல ஆக்கின சொதி. அதுக்குப் பொறகுதான் நான் போற வீடெல்லாம் குப்பத்தொட்டிய கேக்கிறேன்."

கூடத்தில் அந்தப் பிள்ளை யன்னலடிக்குப் போய் நீலப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். பரவாயில்லை, நான் சாப்பிட்டுத்தான் வந்தேன் என்று என் மகளைத் தேற்றிக்கொண்டிருந்தாள். மகள் அந்த மட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். அழவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"அப்பா, அவிச்ச கௌபி மிச்சம் இருக்கெல்லோ? திரும்பச் செய்வமோ?"

நான் அந்தத் தாயைப் பார்த்தேன். அவர் யன்னலடியைப் பார்த்தார். பிறகு கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். "சரி. ஆனா நான் குசினிக்குள்ளதான் நிப்பேன். நான் சொல்ற மாதிரித்தான் செய்யணும்."

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது! நான் படியிறங்கி ஓடினேன். லிப்டுக்கு நிற்கப் பொறுமையில்லை. சந்தியில் தேங்காய் விற்பவரிடம் சிங்களத்தில், "அய்யே, பொல் துனக் தென்ன, இக்மணட்ட!" என்று மூச்சு வாங்கக் கேட்டேன். மூன்று தேங்காய்க்கு இவ்வளவு அவசரப்படுகிற ஆளை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். உடைத்தே தந்தார். தேங்காய்ப் பாதிகளைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் ஏறினேன்.

துருவுவதற்கு? அலுமாரிக்கு மேல், கல்யாணத்துக்கு வந்த துருவலை பெட்டியோடு இருந்தது. மேசை விளிம்பில் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றுகிற வகை. பக்கெட் வாங்கத் தொடங்கியதிலிருந்து அதை யாரும் தொடவில்லை. அந்தத் தாய் அதைக் கொதிதண்ணீரில் கழுவச் சொன்னார். போன் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு தகப்பன்மாரையும் மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். ஒருவர் தேங்காயைப் பிடிக்க, மற்றவர் சுற்றினார். முதல் பாதியிலேயே அவருக்கு வியர்த்துவிட்டது. பிள்ளைகள் சுற்றி நின்று சுற்றுகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். கிரிக்கெட் மேட்ச் பார்க்கிற சத்தம்.

நான் பழக்கத்தில் பிளெண்டரை இழுத்தேன். அவர் என் கையை மறித்தார். பிளெண்டருக்குள் காலையில் அந்தத் தேங்காய்ப்பால் மா போயிருக்கிறது, மூடியின் றப்பர் வளையத்துக்குள் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் போதும் என்றார். பிளெண்டர் இல்லாமல் பட்டுப்போல எப்படி வரும்? கைதான் வழி என்றார். கழுவிய பெரிய கரண்டியால் கௌபியை நசித்தேன். பிறகு சுடுதண்ணீரில் அலசிய ஒரு கம்பி வடியின் மேல் போட்டு அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். தோல் எல்லாம் மேலே தங்கி, கீழே பசை மாதிரி இறங்கியது. மிளகாயையும் உள்ளியையும் சின்னக் கல்லுரலில் இடித்தேன். அவர் தேங்காய்ப்பூவைப் பிழிந்து, தண்ணீர் கூட்டாமல் முதற்பால் மட்டும் எடுத்தார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நான் ஊற்ற, அவர் கிளற, டிப் வெளுத்து மினுங்கத் தொடங்கியது. காலையில் செய்தது இதற்குக் கிட்டவும் வராது!

அந்த நேரம்தான் மனைவி டியூட்டி உடையோடு கதவைத் திறந்தார். கூடமெல்லாம் தேங்காய்ப்பூ. கேக் வெட்டவில்லை. விருந்தாளி குசினியில். புருஷன் தலையில் கௌபித் தோல். "என்னப்பா நடந்தது?" என்று கேட்டவருக்கு மகள் ஒரே மூச்சில் முழுவதையும் சொல்லி முடித்தாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து புதுக் கரண்டியால் தாளித்து ஊற்றினார்.

பழைய கிண்ணமும் சிப்ஸும் மேசையிலிருந்து போயின. மேசையைத் துடைத்து, புதுப் பக்கெட் சிப்ஸைப் பிரித்து, புதுக் கிண்ணத்தை வைத்தோம். தாய் அவசர மருந்து இருந்த கைப்பையைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு தன் மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"சரி மகள்."

வீடே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. அந்தப் பிள்ளை ஒரு சிப்ஸை எடுத்தாள். நன்றாக ஆழத் தோய்த்தாள். வாயில் வைத்தாள். மெதுவாகச் சப்பினாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விழுங்கினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கிள்."

"என்னம்மா? என்ன?" எனக்கு உயிரே போய்விட்டது.

"உறைப்புக் காணாது."

அந்தச் சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. அவளுடைய தாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார், துடைத்தும் நிற்கவில்லை. இன்னும் நான்கு மிளகாய் இடித்துப் போட்டேன். கால் மணித்தியாலம் பொறுத்து, ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிறகுதான் அடுத்த சிப்ஸுக்கு அனுமதி கிடைத்தது. அதன் பிறகு அந்தக் கிண்ணத்தைச் சுற்றி எல்லாப் பிள்ளைகளும் முண்டியடித்தார்கள். நடுவில் அவள். முழங்கையால் மற்றவர்களை இடித்துக்கொண்டு, மூக்கால் தண்ணீர் ஓட ஓட, ஸ் ஸ் என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள். அன்று கேக் வெட்டியபோது மணி ஏழு. யாரும் கவலைப்படவில்லை.

போகும்போது, நீலப் பெட்டியில் இருந்த அவித்த கிழங்கை எங்கள் மேசையில் இருந்த தட்டில் கொட்டினாள். வெறும் பெட்டியை என்னிடம் நீட்டினாள். கிண்ணத்தின் அடியில் கிடந்த டிப்பை வழித்து நிரப்பிக் கொடுத்தேன். படியிறங்கும்போது தாய் திரும்பி நின்று, இவள் ஒரு பிறந்தநாள் வீட்டில் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை என்றார். அதற்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை, இவ்வளவு கதைக்கிற எனக்கு.

அந்தக் குப்பைத்தொட்டிப் பக்கெட்டைக் கழுவிக் காயவைத்து, குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் சாப்பிட்டுப் போகும் வரைக்கும் பக்கெட்டுகளை எறிவதில்லை. இப்போது யாராவது என்ன போட்டீர்கள், காட்டுங்கள் என்று கேட்டால், கேட்டவர் என்னை நம்பவில்லை என்று எனக்குத் தோன்றுவதில்லை. தன் பிள்ளையின் மூச்சை என் கையில் தருவதற்கு முன் ஒரு தாய் எடுக்கும் ஒரு நிமிடம் அது என்று நினைத்துக்கொண்டு, குப்பைத்தொட்டியை நானே முதலில் திறந்து காட்டுகிறேன்.